உப்பைக் குறைக்க வேண்டியது குழம்பில் மட்டுமன்று

வயது வந்தவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சாம்பாரிலும் பொரியலிலும் உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டு, தயிர்சாதத்துக்கு மாவடு, மோர்மிளகாய், அப்பளம் எனத் தொட்டுக்கொண்டால் இந்த அளவு எளிதில் மீறப்படும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரத்தின் சோடியமும் சேர்ந்திருப்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடையில் வாங்கும் மிக்சர், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றின் உறையில் பெரும்பாலும் சோடியத்தின் அளவே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், அதை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள்: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

இந்துப்புக்கு மாறினால் இரத்த அழுத்தம் குறையும் என்பது வீண் நம்பிக்கை. அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்கப்படாவிட்டால் அந்தச் சத்தும் போதிய அளவு கிடைக்காது. சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் கலந்திருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாற வேண்டாம். சமையலில் எலுமிச்சைச் சாறோ மிளகுத்தூளோ சற்றுக் கூடுதலாகச் சேர்த்தால், குறைந்த உப்பு நாவுக்கு அவ்வளவாகத் தெரியாது.