பட்டறையில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா, அந்த நூலைத் தார்க் குச்சியில் சுற்றும் ராட்டை, ஆரி எம்பிராய்டரிக்குத் துணியை இழுத்துக் கட்டும் ஃப்ரேம், சாக்பீஸ், வண்ணக் குச்சி என்று கைவேலைக்காரர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வேண்டிய சாமான்களைச் செய்யும் பட்டறைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு மிக நல்ல வேலையிடமாக அமையக்கூடியவை. ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை இது. ஒரு சாமானைப் பத்துப் பன்னிரண்டு சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கையின் நிதானத்துக்கு மதிப்பு உண்டு. இருந்தும் நல்ல மனதோடு தொடங்கிய முயற்சிகள் பல, சில வருடங்களிலேயே படுத்துவிடுகின்றன. அப்போது பழி விழுவது வேலைக்குச் சேர்ந்தவர்கள் மேல்: “அவங்களால முடியல.” உண்மையில் சரியில்லாமல் போனது பெரும்பாலும் பட்டறையின் ஏற்பாடுதான். எங்கெங்கே சறுக்குகிறது என்று பார்க்கலாம்.

ஊனத்தைப் பார்த்து வேலை ஒதுக்குவது

“பார்வை இல்லையா, பேக்கிங்ல போடு. காது கேட்காதா, சத்தமான மெஷின்ல நிக்க வை. சக்கர நாற்காலியா, டெலிபோன் எடுக்கட்டும்.” முதல் நாளே இப்படி முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த ஆளுக்கு எதில் கை வரும், முன்பு என்ன வேலை பார்த்தார், எதில் விருப்பம் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

முதலில் பட்டியல் போட வேண்டியது ஆட்களை அல்ல, வேலைகளை. அமெரிக்காவின் ஃபோர்டு கார் கம்பெனி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதைச் செய்தது; அதன் நிறுவனர் ஹென்றி ஃபோர்டு 1922-இல் தன் புத்தகத்தில் கணக்கை வெளியிட்டார். அவர்கள் தொழிற்சாலையில் 7,882 வகை வேலைகள் இருந்தன. நல்ல உடல்வலு கட்டாயம் தேவைப்பட்டவை 949 மட்டுமே. இரண்டு காலும் இல்லாதவர் செய்யக்கூடியவை 670, ஒரு கால் உள்ளவர் செய்யக்கூடியவை 2,637, ஒரு கை உள்ளவர் செய்யக்கூடியவை 715, பார்வையற்றவர் செய்யக்கூடியவை 10 என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இன்றைக்குப் பார்த்தால் இந்த எண்களே குறைவு; பார்வையற்றவர்களுக்குப் பத்து வேலைதான் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் கேள்வியைக் கேட்ட விதம் சரியானது. இந்த வேலைக்கு நிற்க வேண்டுமா, நடக்க வேண்டுமா, இரண்டு கையும் வேண்டுமா, கண்ணால் பார்க்க வேண்டுமா, விரலால் தடவினால் போதுமா? ஒரு நாடா செய்யும் பட்டறையில் உட்கார்ந்து இப்படி எழுதிப் பாருங்கள். “கட்டாயம் கண் வேண்டும்” என்று நினைத்த வேலைகளில் பலவற்றுக்கு விரல் போதும் என்று தெரியவரும்.

ஆளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, வேலையை அப்படியே விட்டுவிடுவது

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு இதுதான். இதற்கு மாற்று வழி என்ன என்று காட்ட, ஜப்பானில் கவாசாகி நகரில் இருக்கும் நிஹோன் ரிகாகாகு என்ற சாக்பீஸ் கம்பெனியைச் சொல்வேன். 1937-இல் தொடங்கியது. தூசு பறக்காத சாக்பீஸும், கண்ணாடியில் வரைந்து ஈரத்துணியால் துடைத்துவிடக்கூடிய ‘கிட்பாஸ்’ என்ற வண்ணக் குச்சியும் அவர்கள் சரக்கு. ஊழியர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள்.

தொடக்கம் எளிதாக இல்லை. 1959-இல் ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியர் வந்து மாணவர்களுக்கு வேலை கேட்டார். பின்னாளில் கம்பெனியின் தலைவரான யாசுஹிரோ ஓயாமா முடியாது என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில் வேலை வேண்டாம், வேலை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகள் ஒருமுறை தெரிந்துகொள்ளட்டும் என்று கெஞ்சினார். இரண்டு பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். பயிற்சி முடியும் நாளில் கம்பெனியின் மற்ற ஊழியர்களே, “இவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கேட்டார்கள். 1960-இல் இருவரும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. சாக்பீஸுக்கு மூலப்பொருட்களை எடைபோட்டுக் கலக்க வேண்டும். எண்ணைப் படித்து எடைபோடுவது அந்த ஊழியர்களில் பலருக்குக் கடினமாக இருந்தது. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எண் பிடிபடவில்லை. ஆனால் அவர்கள் தினமும் தனியாகத்தான் வேலைக்கு வருகிறார்கள். வழியில் சிக்னலில் சிவப்புக்கு நின்று பச்சைக்குக் கடக்கிறார்கள். நிறம் நன்றாகத் தெரியும் என்பதை ஓயாமா கவனித்தார். அதன்பிறகு சிவப்பு வாளியில் உள்ள பொருளுக்குச் சிவப்பு எடைக்கல், நீல வாளிக்கு நீல எடைக்கல் என்று ஆனது. தராசின் ஒரு தட்டில் கல்லை வைத்து, முள் நடுவில் நிற்கும் வரை பொருளைப் போட்டால் அளவு சரி. கலக்கும் நேரத்துக்குக் கடிகாரம் போய் மணல் கடிகாரம் வந்தது. மணல் இறங்கி முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தினால் போதும்.

ஆட்கள் மாறவில்லை. எடைபோடும் முறைதான் மாறியது. தவறும் குறைந்தது.

நம் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு வேண்டிய கைத்திறன் தாராளமாக இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் யாரைக் கேட்டாலும் ஜிக், ஃபிக்ஸ்சர் (சாமானையும் கருவியையும் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துபவை), கோ–நோ கோ கேஜ் (அளவு சரியா என்று நுழைத்துப் பார்ப்பது) பற்றிச் சொல்வார். அவற்றை வேகத்துக்காகத்தான் செய்கிறோம்; ஆளுக்கு ஏற்ற மாதிரி செய்து கொடுக்கலாம் என்று தோன்றுவதில்லை.

நாடாவையே எடுத்துக்கொள்வோம். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளின் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிற மரக்கட்டை அது. இரண்டு நுனியிலும் இரும்பு முனை. முனை ஒரு மயிரிழை கோணினாலும், மரத்தில் ஒரு சிராய் நின்றாலும் இழை அறுந்துவிடும். நாடா தறியை விட்டு வெளியே பாய்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு அடிபடும். ஆகவே சோதனை கறாராக இருக்க வேண்டும். அதைப் பார்வையற்ற ஒருவர் செய்ய முடியுமா? முடியும். பலகையில் இரண்டு பள்ளங்கள் வெட்டிய ஒரு கேஜ் போதும். முதல் பள்ளத்தில் நாடா தடையில்லாமல் நுழைய வேண்டும், இரண்டாவதில் நுழையவே கூடாது. இரண்டும் சரியென்றால் அகலம் சரி. பிறகு மரத்தின் மேல் மெல்லிய பட்டுத் துணியை ஒரு முறை இழுக்க வேண்டும். சிராய் இருந்தால் துணி மாட்டும். கண்ணால் பார்த்து “ஓகே” சொல்லும் ஆளுக்குத் தப்பிப்போகும் சிராயையும் அந்தத் துணி பிடித்துவிடும்.

ஒரு கை மட்டும் பயன்படுத்துபவருக்குக் காலால் மிதித்து இறுக்கும் கிளாம்ப் வேண்டும். மூளை முடக்குவாதத்தால் கை நடுங்குபவருக்கு மேசையில் இறுக்கிப் பொருத்திய கனமான ஃபிக்ஸ்சர் வேண்டும். சாமான் நகராமல் நின்றால் நடுக்கம் வேலையைக் கெடுக்காது. இதில் எதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. தச்சரையும் வெல்டரையும், வேலை செய்யப்போகிறவர் பக்கத்தில் அரை நாள் உட்கார வைக்க வேண்டும். அவரைக் கேட்காமல் செய்யும் ஜிக் பெரும்பாலும் மூலையில்தான் கிடக்கும்.

பாதுகாப்பு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைப்பது

“காது கேட்காதவருக்குச் சத்தத்தால் என்ன தொந்தரவு?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொந்தரவு உண்டு. பலருக்கு ஓரளவு கேட்கும் திறன் மிச்சம் இருக்கும். இரைச்சல் அதையும் தின்றுவிடும். காதுக்கருவி போட்டிருந்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். அவர்களுக்கும் காதடைப்பு கட்டாயம். அபாய மணியோடு சுழலும் விளக்கும் வேண்டும். கழிப்பறைக்குள்ளும் ஒன்று இருக்கட்டும், அங்கேதான் பக்கத்தில் தட்டிக் கூப்பிட ஆள் இருக்காது.

தொழுநோயிலிருந்து குணமானவர்கள் கதை வேறு. நோய் போய்விட்டது, ஆனால் நரம்பு பாதித்த கையில் உணர்வு பெரும்பாலும் திரும்பாது. சூடான இரும்பைத் தொட்டாலும், கைப்பிடி அழுத்திக் கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. நாலு நாள் கழித்துப் புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். கருவிகளுக்குத் தடித்த, மெத்தென்ற பிடி போடுவதும், சூடு கடத்தாத கையுறை கொடுப்பதும், வேலை முடிந்ததும் இரு கைகளையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கமும் அவர்கள் விரல்களைக் காப்பாற்றும். வேலூர் பக்கம் காட்பாடியில் 1963-இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய மறுவாழ்வு மையம் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வந்தது. இன்று ‘வொர்த் டிரஸ்ட்’ என்ற பெயரில் இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் அந்த நிறுவனத்தில் பார்வையற்றவர்கள் எழுதும் பெர்கின்ஸ் பிரெய்லர் கருவி தயாராகியிருக்கிறது. பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசையும், சின்னச் சின்ன உலோக உறுப்புகள் ஏராளமும் கொண்ட நுட்பமான பொறி அது. “இவங்களுக்குச் சுலபமான வேலையா குடுங்க” என்பவர்கள் அதை ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

தண்டுவடம் பாதித்து உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்குப் படுக்கைப்புண் பெரிய எதிரி. நல்ல குஷனும், அரை மணிக்கு ஒருமுறையாவது உடம்பைத் தூக்கி அழுத்தத்தை மாற்ற நேரமும் வேண்டும். அதை “சும்மா நெளியறார்” என்று மேஸ்திரி கணக்கெழுதக் கூடாது. பார்வையற்றவர் இருக்கும் இடத்தில், அவரிடம் சொல்லாமல் ஒரு ஸ்டூலைக்கூட நகர்த்தக் கூடாது.

சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதற்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலி திரும்ப இடமுள்ள கழிப்பறை முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். “அப்புறம் கட்டிக்கலாம்” என்ற இடங்களில் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து நின்றுவிடுகிறார்கள். அதன்பிறகு அவர்களுக்கு “வேலையில் ஈடுபாடு இல்லை” என்று பெயர்.

பாவம் பார்த்துச் சரக்கை விடுவது, அதே பாவத்தில் சம்பளத்தைக் குறைப்பது

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கோணல் நாடாவை “பாவம், கஷ்டப்பட்டு செஞ்சிருக்கார்” என்று பாஸ் பண்ணினால் அதைத் தறியில் போடும் நெசவாளிக்கு நஷ்டம். அடுத்த ஆர்டர் வராது. செய்தவருக்கும் தன் வேலையில் என்ன பிழை என்று கடைசி வரை தெரியாது. பிழையைச் சொல்லிக்கொடுப்பதுதான் மரியாதை.

சம்பளத்துக்குப் பதில் “ஊக்கத்தொகை” என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் பயிற்சியாளராகவே வைத்திருப்பது இன்னொரு பக்கம். அமெரிக்காவிலும் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு, அனுமதிச் சான்று பெற்ற முதலாளிகள் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க வழி செய்தது. அதை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் நீண்டகாலமாகப் போராடி, பல மாநிலங்கள் தடைசெய்துவிட்டன. உங்கள் பட்டறையில் பயிற்சிக்காலம் எப்போது முடியும் என்று சேரும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். முடிந்ததும் மற்றவர்களுக்கு உள்ள சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அவருக்கும். செய்யும் உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று பீஸ் ரேட் வைக்கிறீர்களா? ஜிக் சரியாக அமைந்த பிறகு வையுங்கள். கருவியில் உள்ள குறைக்கு அவர் கூலி குறையக் கூடாது.

அனுதாபத்தை விற்பது

அட்டைப்பெட்டியில் சக்கர நாற்காலிப் படத்தைப் போட்டு, “இவர்களுக்கு உதவுங்கள்” என்று அச்சடித்தால் முதல் வருடம் விற்கும். தீபாவளிப் பரிசுக்குக் கம்பெனிகள் வாங்கும். அடுத்த வருடம் அவர்கள் வேறொரு நல்ல காரியத்துக்குப் போய்விடுவார்கள். பட்டறையில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. ஆசிரியர் சாக்பீஸ் வாங்குவது தூசு பறக்காததால். ஆரி போடும் பெண் ஃப்ரேம் வாங்குவது துணி தொய்யாமல் நிற்பதால். அதைச் சொல்லி விற்க வேண்டும். யார் செய்தார்கள் என்று சொல்ல விரும்பினால் அவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள், பெயரும் கைத்திறனும் தெரியும்படி. படம் எடுக்க ஒப்புதல் இல்லையென்றால் படம் இல்லை. பார்க்க வரும் நன்கொடையாளருக்காக யாரையும் வரிசையாக நிறுத்த வேண்டாம்.

சட்டம் பெரிய கம்பெனிக்குத்தான் என்று விட்டுவிடுவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்து 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களும் இதில் உண்டு. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி அறிவிக்க வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாற்றுத்திறனாளிகள் விஷயத்தைக் கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கவும் வேண்டும். சின்னப் பட்டறைக்கு இது இரண்டு பக்கத் தாள் வேலை. வேலைக்கு வருபவரிடம் தனித்துவ அடையாள அட்டை, யு.டி.ஐ.டி., இல்லையென்றால் எடுக்க உதவுங்கள். பல திட்டங்களுக்கு அதுதான் சாவி. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை அரசு தருகிறது. அதற்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வண்டி இருந்தால் வேலைக்கு வருவதே பாதி சுலபமாகிவிடும்.

சேர்த்த இடத்திலேயே விட்டுவிடுவது

பத்து வருடம் நாடாவுக்கு இரும்பு முனை பொருத்தியவர் பதினோராவது வருடமும் முனைதான் பொருத்துகிறார். வேலை நன்றாகத் தெரிந்த அவரிடம் யாரும் அடுத்த வேலையைக் காட்டவில்லை. கவாசாகி சாக்பீஸ் தொழிற்சாலையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே குழுத் தலைவர்களாகவும் இருக்கிறார்கள். காது கேட்காதவர் மேஸ்திரி ஆனால் மற்றவர்கள் சைகை மொழி கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ளட்டும், தினமும் வேலை நடுவில் நாலைந்து சைகை வீதம் பழகினால் போதும். அடுத்த முறை பட்டறையில் மேற்பார்வைக்கு ஆள் தேவைப்படும்போது, வெளியே விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால் முனை பொருத்துகிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.