கோழி கிளறும், வாத்து துளைக்கும்: புறவாசல் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசான நெல் அறுப்பு முடிந்ததும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களில் வாத்து மந்தை இறங்கும். சிந்திய நெல், நத்தை, புழு, பூச்சி என்று சகலத்தையும் வழித்துத் தின்றுவிட்டு மறுநாள் அடுத்த வயலுக்கு நகர்ந்துவிடும். வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை பிறந்தது. புறவாசலில் ஆறு சென்ட் கிடக்கிறது. கத்தரி, வெண்டை, கீரை, ஓரத்தில் பத்து வாழை. மழைக்காலம் வந்தால் நத்தை தாங்காது. நாலு வாத்தை வாங்கி விட்டால் என்ன? மந்தைக்காரரிடமே நாலு பெட்டை வாங்கி வந்தேன்.

மந்தை மேய்ந்த வயலில் வெறும் தாள்தான் நின்றது, நட்ட பயிர் எதுவும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் வாரத்திலேயே அறுபது கத்தரி நாற்றில் பதினொன்றுதான் மிஞ்சியது. வேடிக்கை என்னவென்றால் வாத்துகள் அவற்றைத் தின்னவே இல்லை. தண்ணீர் விட்ட ஈரத்தில் அலகைச் செருகிச் செருகி வேரை அசைத்து, நாற்றைச் சாய்த்து, அதன் மேலேயே நடந்து போயிருந்தன. ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "ஏலே, கோழின்னா கிளறும், வாத்துன்னா துளைக்கும். இது கூடத் தெரியாமலா வாங்கிட்டு வந்த?" என்றாள்.

வாத்தின் அலகு நுனியில் தொடு உணர்ச்சி மிக அதிகம். கலங்கல் தண்ணீருக்குள்ளும் சேற்றுக்குள்ளும் கண்ணால் பார்க்காமலே புழுவைக் கண்டுபிடிக்கும். அதனால் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே அலகு போகும். காய்ந்த, இறுகிய மண்ணை அது சீண்டாது. வாத்தோடு தோட்டம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவை.

காலையில் தண்ணீர் விடுவது

காலையில் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, கூட்டைத் திறந்துவிட்டு, காப்பி குடிக்கப் போவது. நான் செய்தது இதைத்தான். ஈரப் பாத்தியைப் பார்த்த வாத்துக்கு அது அறுத்த வயல் மாதிரிதான். இப்போது மாலை ஆறரைக்கு வாத்து கூட்டுக்குள் போன பிறகுதான் தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கு, மாசி தொடங்கி ஆவணி வரை, விடிவதற்குள் ஈரம் கீழே இறங்கி மேல்மண் உலர்ந்திருக்கும். கூட்டையும் எட்டரைக்கு முன்னால் திறப்பதில்லை. வாத்து பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும். சீக்கிரம் திறந்துவிட்டால் வாழை மூட்டிலும் சேம்புக்குள்ளும் முட்டை தேடி அலைய வேண்டும். நமக்கு முன்னால் கீரிப்பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தோட்டம் முழுக்க ஈரம். நாலு வாத்து ஒரு நாள் நடந்தால் பாத்தி களிமண் தளம் போல மிதிபட்டு இறுகிவிடும். அப்போது காய்கறிப் பக்கம் அடைப்புதான். வாழை, தென்னை, முருங்கை நிற்கிற பக்கம் மட்டும் திறப்பு.

"நத்தை வருவதே மழைக்காலத்தில்தானே, அப்போது அடைத்து வைத்தால் வாத்து எதற்கு?" என்று என் மதினி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு நான் செய்வது இது. இருட்டும் நேரத்தில் பழைய சாக்கு ஒன்றை நனைத்துப் பாத்தி ஓரத்தில் விரித்து, அடியில் நாலு பப்பாளி இலையைப் போட்டு வைப்பேன். இரவெல்லாம் மேய்ந்த நத்தைகள் விடியும்போது ஒதுங்க இடம் தேடி அதற்கடியில் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் சாக்கை அப்படியே சுருட்டி வெளியே நடைபாதைக்குக் கொண்டு வந்து உதறினால் போதும். வாத்துகள் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவரும். ஓடோடு விழுங்கிவிட்டு உடனே தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும், மறுபடி ஓடிவரும். பாத்திக்குள் ஒரு கால்கூடப் படாது.

சாக்கில் பெரிய ஆப்பிரிக்க நத்தை இருந்தால் மட்டும் தனியே எடுத்துவிடுங்கள். பெரியது தொண்டையில் அடைக்கும். வெறுங்கையால் தொட வேண்டாம். எலியிடமிருந்து தொற்றும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். குச்சியால் தள்ளி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவது என் வழக்கம்.

முள் வைப்பது

ஆட்டுக்கு வைக்கிற பழக்கத்தில் நாற்றைச் சுற்றி உடைமுள் வைப்பார்கள். நானும் வைத்தேன். மூன்றாம் நாள் ஒரு வாத்து நொண்டியது. தூக்கிப் பார்த்தால் பாதத்தின் அடியில் மிளகளவு கருப்புப் பொட்டு, சுற்றிலும் சூடாக வீக்கம். வாத்தின் பாதம் மெத்தென்றது, உடம்போ கனம். முள் தைத்தால் உள்ளே சீழ் கட்டும், ஆற வாரக்கணக்காகும். முள்ளே வேண்டாம். நாட்டு வாத்தும் காக்கி கேம்பெல்லும் உயரப் பறக்காது. பனை மட்டையைக் கருக்கு சீவி நெருக்கமாக ஊன்றி இரண்டடி உயரத்துக்கு அடைப்புக் கட்டினாலே போதும். மணிலா வாத்து வளர்க்கிறவர்களுக்கு இது உதவாது. அது மதில்மேல் ஏறி உட்காரும்.

கத்தரி, மிளகாய், வெண்டை முழங்கால் உயரம் வந்து தண்டு முற்றிய பிறகு அடைப்பைத் திறக்கலாம். தக்காளி பழுத்தால் எட்டுகிற உயரத்தில் இருப்பதெல்லாம் போய்விடும். கீரைப் பாத்தியை என்றைக்கும் திறக்க வேண்டாம். சிறுகீரை, தண்டங்கீரை, பசலை மூன்றும் வாத்துக்கு விருந்து.

இளம் வாழைக்கும் பப்பாளிக்கும் மூட்டைச் சுற்றித் தேங்காய்க் கதம்பையை (உரித்த மட்டையை) நெருக்கமாக அடுக்குங்கள். அலகு உள்ளே போகாது, வேர் வெளியே தெரியாது. வைக்கோல் மூடாக்கு பயன்படாது. ஒரு காலையில் பிரித்து எறிந்துவிடும். கதம்பைக்கு அடியில் நத்தை சேரும் என்பது உண்மை. வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டால் அதுவும் வாத்துக்குத் தீனி.

தொட்டியை ஒரே இடத்தில் வைப்பது

குளம் தேவையில்லை. ஆனால் மூக்குத் துளையும் கண்ணும் முங்கிக் கழுவுகிற ஆழம், ஒரு சாண் அளவாவது வேண்டும். கோழிக்கு வைக்கிற தட்டு போதாது. தொட்டியைச் சுற்றி எப்போதும் சளசளவென்று இருக்கும், அங்கே துளைத்துத் துளைத்துக் குழியாகும், தீனியும் எச்சமும் சேர்ந்து அழுகும். வெயில் காலத்தில் அழுகல் தேங்கிய தண்ணீரும் அதில் நெளிகிற புழுவும் ஆபத்து. அந்த அழுகலில் உண்டாகும் நஞ்சு ஏறினால் கழுத்து துவண்டு தலை நிற்காமல் சாயும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை அடுத்த வாழை மூட்டுக்கு நகர்த்தி, பழைய தண்ணீரை அங்கேயே கவிழ்த்துவிடலாம். வாழைக்கு அதைவிட நல்ல உரத்தண்ணீர் கிடையாது. அதே தண்ணீரைக் கீரைக்கு ஊற்றுவது தவறு. எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வாத்து எச்சம் விழுந்த பாத்தியில் வெள்ளரி, வெங்காயத்தாள் என்று பச்சையாகத் தின்பது எதையாவது எடுப்பதாக இருந்தால் நாலு மாதமாவது இடைவெளி விடுங்கள்.

மண்ணில் போட்டதை மறந்துவிடுவது

மற்றத் தவறுகளில் பெரும்பாலும் செடிதான் போகும். இதில் வாத்தே போய்விடும்.

வாழைக்கன்று நடும்போது கிழங்கு வண்டுக்கும் நூற்புழுவுக்கும் குழியில் குருணை மருந்து போடுகிற பழக்கம் நம் ஜில்லாவில் உண்டு. கார்போபியூரான் குருணை பறவைகளுக்குக் கொடிய விஷம். சிட்டுக்குருவி அளவுப் பறவைக்கு ஒரே ஒரு மணி போதும். ஈர வாழை மூட்டைத் துளைப்பதுதான் வாத்தின் பிறவிக்குணம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாத்து வளர்க்கிற இடத்தில் குருணை வேண்டவே வேண்டாம். பக்கத்து வயலுக்கு வாத்து போகும் என்றால் அங்கே எப்போது மருந்து என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எலி மருந்துக்கும் இதே பேச்சுதான்.

யூரியா, காம்ப்ளக்ஸ் மணிகளைக் கல் என்று நினைத்து விழுங்கும். இயற்கை உரம்தானே என்று ஆமணக்குப் புண்ணாக்கைப் போடுவார்கள். அதில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கடலைப் புண்ணாக்கில் வேறு சிக்கல். ஊறவைத்துச் செடிக்கு ஊற்றியதில் மிஞ்சிய கட்டியை வாத்து தோண்டித் தின்னும். பூசணம் பிடித்ததாக இருந்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. காரணம் பூசணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கு. வாத்துக்குஞ்சுக்கு அதைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. மழைக்காலத்தில் மூலையில் கிடந்த புண்ணாக்கை எடுத்தால் முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் குப்பைக்கும் போடாமல் ஆழப் புதைத்துவிடுங்கள். வேலியில் அரளி இருந்தால் வெட்டிய கிளையைக் கீழே போட்டு வைக்க வேண்டாம்.

வாத்து எல்லாப் பூச்சியையும் தின்றுவிடும் என்று நம்புவது

தின்னாது. கத்தரிக்காய்க்குள் இருக்கும் புழு அதற்கு எட்டாது. தென்னை ஓலையில் வெள்ளை ஈ, பப்பாளியில் மாவுப்பூச்சி, இவற்றுக்கெல்லாம் வாத்து வைத்தியம் இல்லை. நத்தை, தரையோடு திரியும் புழு, வெட்டுக்கிளி, இவைதான் அதன் எல்லை. நமக்கு வேண்டிய மண்புழுவையும் அது விட்டுவைப்பதில்லை. அதனாலேயே எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. ஆறு சென்டுக்கு நாலே அதிகமோ என்று மழைக்காலத்தில் எனக்குத் தோன்றும். பக்கத்து ஊரில் ஒருவர் பத்து சென்டில் இருபது விட்டார். ஆறு மாதத்தில் அங்கே தென்னையும் சேறும்தான் மிச்சம்.

இந்த மாசியில் கத்தரி மறுபடி நட்டிருக்கிறேன். இன்னும் ஒரு சாண் வளர வேண்டும். வாத்துகள் தினமும் அடைப்புக்கு வெளியே நின்று மட்டை இடுக்கில் அலகை விட்டுப் பார்க்கின்றன.