ஏலக்காய் சீசனுக்கு நடுவே ஏஐ படிப்பது எப்படி

கம்பத்தில் காலை பஸ்ஸைப் பிடித்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டில் இறங்குவேன். 19 வருஷமாக அங்கே ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். எடைச் சீட்டைப் பார்த்து டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றுவதே பாதி வேலை. போன வருஷம் முதலாளி ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். சீட்டைப் போட்டோ எடுத்தால் அதுவே படித்து ஏற்றிவிடும். "சேச்சி, இனி சும்மா இருக்கலாம்" என்றான் கூட இருக்கும் மலையாளத்துப் பையன். சும்மா இருக்கிறவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அந்தப் பயத்தில் முதலில் செய்தது தப்பு. போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஏஐ (செயற்கை நுண்ணறிவு) ஆன்லைன் வகுப்புக்கு 18,000 ரூபாய் கட்டினேன். 'உங்களுக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம்' என்றார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால் காலை 11 மணிக்கு நேரலை வகுப்பு! பக்கத்தில் புற்றடியில் ஏலக்காய் ஏலம் ஓடுகிற நேரம், கடையில் போன் ஓயாது. பணம் போனது போனதுதான். நீங்கள் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: பதிவு செய்த வீடியோ எத்தனை மாதம் இருக்கும், ஒரு வாரம் விட்டுப்போனால் என்ன ஆகும், பரீட்சை எங்கே. பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

எதைப் படிப்பது என்பதை விளம்பரத்தில் தேடாதீர்கள், உங்கள் மேசையில் தேடுங்கள். ஒரு வாரம் நீங்கள் செய்யும் வேலையை நோட்டில் எழுதுங்கள். மெஷின் எதை எடுத்துக்கொண்டது, எது திரும்ப உங்களிடமே வந்தது என்று குறியுங்கள். எனக்குத் திரும்பி வந்தது ஒரு 7. சீட்டில் 48.700 கிலோ. எடை போட்ட ஆள் எழுதிய 7-க்குத் தலை சரியாக இல்லை. மெஷின் அதை 48.100 என்று படித்தது. 600 கிராம் காணாமல் போனது. அன்று கிலோ 2,600 ரூபாய், தோட்டக்காரருக்கு 1,560 ரூபாய் நஷ்டம். அவர் வந்து மேசையைத் தட்டியபோதுதான் புரிந்தது, ஏற்றுவது போனாலும் சரிபார்ப்பது என்னிடம்தான் இருக்கிறது.

அதனால் நான் முதலில் கற்றது ஷீட், அதாவது கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் ஸ்ப்ரெட்ஷீட். மெஷின் படித்த மூட்டை எடைகளைக் கூட்டி, சீட்டின் அடியில் கையால் எழுதிய மொத்தத்தோடு ஒப்பிடும். இடித்தால் கட்டம் சிவப்பாகும். யூடியூபில் நாலு வீடியோ, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஏஐ என்ற பெயரே அதில் கிடையாது.

அப்புறம்தான் ஏஐ. கோர்செரா என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் ஏஐ நிபுணர் ஆண்ட்ரூ இங் 2019-இல் தொடங்கிய 'ஏஐ ஃபார் எவ்ரிஒன்' நல்ல ஆரம்பம், கோடிங் வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல். சேர்வதும் பார்ப்பதும் இலவசம், பரீட்சைக்கு மட்டும் கட்டணம். வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, அதற்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. முதல் தடவை 12 வாரப் பாடத்தில் கை வைக்காதீர்கள், 4 வாரப் பாடம் போதும். பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். ஜூலையில் சேர்ந்தால் பறிப்பு சீசனில் மாட்டிக்கொள்வீர்கள். மலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஜனவரிதான் தோது.

மெட்டு ஏறும்போது சிக்னல் போகும், வரும். ராத்திரியே வீடியோவை டவுன்லோட் செய்து வையுங்கள். ஆங்கிலம் வேகமாகப் போனால் 0.75-இல் ஓட விடுங்கள். பேசுகிறவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் கேட்கும், பழகிவிடும். பல பாடங்களுக்குத் தமிழ் எழுத்துப் பிரதியும் இருக்கிறது. பஸ்ஸில் கேட்பதோடு சரி, செய்து பார்ப்பது வீட்டில்தான். காய் பறிக்கப் போகிற பக்கத்து சீட் அக்கா, "ஏத்தா, காலங்காத்தால யாருகூட ரகசியம்?" என்று கேட்பார். கேட்கட்டும்.

சாட்ஜிபிடியை வாத்தியாராக வைத்துக்கொள்ளலாம். பாடத்தின் பிரதியைக் கொடுத்து, 'இதிலிருந்து தமிழில் 5 கேள்வி கேள், நான் எழுதும் பதிலில் எங்கே தப்பு என்று மட்டும் சொல்' என்று கேளுங்கள். ஆனால் சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள். காய்ந்த ஏலக்காய்க்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி என்று என்னிடம் சத்தியம் செய்தது. தினமும் 5 சதவீதம் போட்டு பில் அடிக்கிறவளிடம்! பயிற்சிக்குக் கடையின் உண்மையான சீட்டைப் போடவே கூடாது. தோட்டக்காரர் பெயர், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போடுங்கள். நான் முருகன், வள்ளி என்று வைத்து எடையையும் மாற்றிக்கொள்வேன்.

என்பிடெல் பரீட்சைக்குப் பதிவு செய்யும்போதே எழுதப்போகும் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் மதுரை போட்டேன். ஹால் டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டையும் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள்.