புரொப்பெலரில் சின்ன அடி: அரம் எதற்குப் போதும், எதற்குப் போதாது

வெளியில் பூட்டும் எஞ்சினுள்ள போட் முந்தி மாதிரி ஓடவில்லை, மண்ணெண்ணெயும் கூடக் குடிக்கிறது என்றால் பலரும் முதலில் காபரேட்டரைத்தான் கழற்றுவார்கள். அதற்கு முன் எஞ்சினை உயர்த்திப் புரொப்பெலரைப் பாருங்கள். முல்லைத்தீவின் நாயாற்று முகத்துவாரத்து மணல்திட்டு, கோடையில் வற்றும் நந்திக்கடல் களப்பு, பூநகரிப் பக்கத்தில் நட்டிருக்கும் சிறகுவலைத் தடி என்று அடிபட இடத்துக்குக் குறைவில்லை.

எந்த இடத்தில் அடி என்பதுதான் முக்கியம். தண்ணீரை வெட்டும் முன் விளிம்பில் விழுந்த பல், அதாவது வெட்டு, சின்னதானாலும் கெடுதல். அந்த இடத்தில் தண்ணீர் இறக்கையை ஒட்டி ஓடாமல் பிய்ந்து, குமிழி கட்டி உடையும். கொஞ்ச நாளில் பல்லுக்குப் பின்னால் அலுமினியம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகிவிடும்.

நுனி உடைந்தால் பாரம் சமன் கெடும். 15 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது புரொப்பெலர் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்றுச் சுற்றுகிறது. சில கிராம் குறைந்தாலே சுக்கான் பிடித்த கை அதிரும். கை அதிர்வது பரவாயில்லை; அதே அதிர்வு பெயாரிங்கையும் ஒயில் சீலையும் தின்கிறதே, அதுதான் செலவு. சீல் போனால் கியர் பெட்டிக்குள் உப்புத்தண்ணீர். புதுப் புரொப்பெலர் அதைவிட மலிவு.

இறக்கை வளைந்திருந்தால் வேறு கதை. வளைவு கூடினால் எஞ்சின் முக்கும், சுற்று ஏறாது. மண்ணெண்ணெய் எஞ்சினில் கரி சீக்கிரம் பிடிக்கும். வளைவு நிமிர்ந்தால் எஞ்சின் அலறும், போட் நகராது. இறக்கை நல்லாயிருந்தும் அலறுகிறதா? புரொப்பெலரின் உள் குழாய்க்கும் வெளி உருளைக்கும் இடையில் இருக்கும் றப்பர் வழுக்குகிறது. உள் குழாயிலிருந்து வெளி உருளைவரை பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்து, பாரத்தோடு ஓடிப்பாருங்கள். கோடு விலகினால் அரத்துக்கு அங்கே வேலையில்லை.

கழற்றுமுன் பிளக் வயரை இழுத்துவிடுங்கள். இறக்கைக்கும் அதற்கு மேலே இருக்கும் தகட்டுக்கும் இடையில் மரத்துண்டு கொடுத்து, நட்டில் செருகியிருக்கும் பின்னை நிமிர்த்தி எடுத்து, நட்டைத் திறவுங்கள். வாசர்கள் வந்த ஒழுங்கிலேயே அடுக்கி வையுங்கள். தண்டைச் சுற்றித் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) கிடந்தால் ஒரு இழைகூட விடாமல் எடுக்கவேண்டும். சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான்.

இனி வெடிப்புச் சோதனை. இறக்கையைத் துடைத்து, அது உருளையோடு சேரும் அடிப்பக்கம் மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு சோக்குத் தூள் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். பிறகு சமமான பலகையில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு இறக்கையிலும் ஒரே புள்ளியின் உயரத்தை அளந்து ஒப்பிடுங்கள்.

வெடிப்பும் வளைவும் இல்லாமல், பல் 3 மில்லிமீற்றருக்குள் இருந்தால் வீட்டிலேயே அராவலாம். பல்லை மட்டும் தோண்டாமல் இரு பக்கமும் நீளமாகச் சாய்த்து அராவி, முன் விளிம்பை உருண்டையாக விடுங்கள். கத்திபோலத் தீட்டினால் அடுத்த மணலிலேயே மடங்கும். பிறகு வழுவழுப்பான கம்பியில் கோர்த்துச் சுழற்றுங்கள். எப்போதும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் அதன் பரப்பில் கொஞ்சம் அராவுங்கள், விளிம்பில் அல்ல.

வளைந்ததைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தாதீர்கள். அலுமினியம் பச்சையாக, அதாவது சூடாக்காமல், மடங்கினால் வெடிக்கும். அது தெரிந்த வெல்டிங் கடை வேலை. இறக்கை அடியில் வெடிப்பென்றால் ஒட்டவும் வேண்டாம், மாற்றுங்கள். ஓடும்போது கழன்றால் கியர் பெட்டியும் சேர்ந்து போகும்.

பூட்டும்போது தண்டின் பல்வரிசைக்கு உப்புத்தண்ணீர் தாங்கும் கிறீஸ், நட்டுக்குப் புதுப் பின். அதிர்வோடு சில நாள் ஓடியிருந்தால் கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி கியர் ஒயிலையும் பாருங்கள். பால் நிறத்தில் வந்தால் சீல் மாற்றும்வரை போட்டை இறக்காதீர்கள்.