டிரமடாலுடன் பாராசிட்டமால்: வீட்டிலேயே கணக்குப் பார்ப்பது எப்படி?

அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வலிக்கு அல்ட்ராசெட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் உடம்பு லேசாகச் சுட்டது. தம்பி டோலோ 650 கொடுத்தான். சளி என்றதும் நான் சினாரெஸ்ட் கொடுத்தேன். மூன்றிலும் ஒரே மருந்து இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. நீங்களும் யாருக்காவது மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் என்றால், இதை இன்றைக்கே செய்து பாருங்கள்.

முதலில் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு டப்பாவில் போடுங்கள். ஃபிரிட்ஜ் மேலே கிடப்பது, கைப்பையில் இருப்பது, இருமல் மருந்து பாட்டில் எல்லாமே.

அடுத்து, பெயரை விட்டுவிட்டு அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும். அல்ட்ராசெட்டில் டிரமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. டிரமடால் அபின் வகை வலி மருந்து. டோலோ 650 முழுக்கப் பாராசிட்டமால். சினாரெஸ்டில் 500 மி.கி. பாராசிட்டமாலோடு தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமினும் உண்டு.

இப்போது ஒரு நோட்டில் பாராசிட்டமாலை மட்டும் கூட்டுங்கள். அல்ட்ராசெட் மூன்று வேளை 975, டோலோ மூன்று வேளை 1950, சினாரெஸ்ட் இரண்டு வேளை 1000. மொத்தம் 3925 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவே 4000தான். எடை குறைந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் டாக்டர் சொல்வார். அளவு மீறினால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம். ஆனால் உள்ளே கல்லீரல் கெட ஆரம்பித்திருக்கும். அதனால் அளவு தாண்டிவிட்டது என்று தெரிந்தாலே, நன்றாக இருக்கிறார் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

டிரமடாலையும் பாராசிட்டமாலையும் சேர்ப்பதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வலியை வெவ்வேறு வழியில் அடக்குவதால்தான் ஒரே மாத்திரையில் சேர்த்தே தயாரிக்கிறார்கள். கடையில் நாமாக வாங்கி மேலே மேலே போடுவதுதான் ஆபத்து.

காம்பிஃபிளாம் என்ற வலி மாத்திரை தனிக் கதை. அதில் 325 மி.கி. பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபன் 400 மி.கி. இருக்கிறது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். அதோடு ஐபுபுரூஃபன் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். சிறுநீரகக் கோளாறு, அல்சர் இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

அப்புறம் தூக்கம். டிரமடாலோடு தூக்க மாத்திரை, மது, கோடீன் கலந்த இருமல் மருந்து எதுவும் வேண்டாம்; மூச்சு மந்தமாகிவிடும். சளி மாத்திரையும் மயக்கத்தைக் கூட்டும். வலிப்பு உள்ளவர்கள், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ராத்திரி ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. அதைவிடக் குறைந்தாலோ, தட்டினாலும் எழாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே 108. அபின் வகை மருந்தை முறிக்க நலாக்சோன் ஊசி உண்டு. எதைக் கொடுத்தோம் என்று ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள். அந்த டப்பாவையும் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.