பெருவிலங்கு வேட்டைக்குத் திடச் சன்னம் தெரிவு செய்யும் முறை

இலங்கையில் யானை, சிறுத்தை, மரை ஆகிய மூன்றும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. இங்கே அவற்றின் மீது துவக்கு நீட்டுவது குற்றம், அதற்கு நான் எந்த உதவியும் சொல்லப்போவதில்லை. மலையகத் தோட்டங்களில் தொழில் பழகிய நம்மவர் சிலர் சிம்பாப்வேயிலும் தன்சானியாவிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு முகாமையாளர்களாகவும் தொழிற்சாலை அதிகாரிகளாகவும் போகிறார்கள். அந்நாடுகளில் யானை, எருமை வேட்டை உரிமப் பத்திரத்துடனும் தொழில்முறை வேட்டையாளரின் துணையுடனும் சட்டப்படி நடக்கிறது. அங்கு அழைக்கப்படும் ஒருவர், தோட்டாப் பெட்டியைக் கையில் எடுக்குமுன் அறிந்திருக்க வேண்டியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

சாதாரண வேட்டைச் சன்னத்தின் (தோட்டாவிலிருந்து பாய்ந்து செல்லும் உலோகக் குண்டின்) முனை மென்மையானது. உடலுள் நுழைந்ததும் அது விரிந்து, அகன்ற காயத்தை உண்டாக்கி, சிறிது தூரத்திலேயே நின்றுவிடும். திடச் சன்னம் விரியாது. அதனிடம் எதிர்பார்க்கப்படுவது ஒன்றே: கனத்த தோலையும் எலும்பையும் ஊடறுத்து, வடிவம் மாறாமலும் திசை விலகாமலும், குறிவைத்த உறுப்பு வரை சென்று சேர்வது. யானையின் நெற்றிப்பக்க மண்டையோடு உள்ளே தேன்கூட்டைப் போல் காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளை அதற்கு வெகு பின்னால், தாழ்வாக அமைந்திருக்கிறது. அந்த எலும்பினுள் சிறிது வளைந்து போகும் சன்னம் எவ்வளவு ஆற்றலுடன் சென்றாலும் மூளையைத் தொடாது. அதனால் திடச் சன்னத்தைத் தெரிவு செய்யும்போது வேகத்தையும் குழல் விட்டத்தையும் விட, நேராகச் செல்லும் தன்மையையே முதலில் பார்க்கவேண்டும் என்பது என் துணிபு. விளம்பரத் தாள்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்.

இந்தத் தேவை நம் மலைகளிலும் ஒரு காலத்தில் உணரப்பட்டதுதான். 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்லப்படும் பிரித்தானிய அதிகாரி மேஜர் ரோஜர்ஸ் 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்து, நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் காலத்தவரிடம் இருந்தவை கரிமருந்தும் ஈயக் குண்டுகளுமே. தனி ஈயம் எலும்பில் பட்டதும் நசுங்கிவிடும் என்பதால் அதனுடன் வேறு உலோகம் கலந்து இறுக்கிக்கொள்ளும் வழக்கம் அன்றே இருந்தது. 1898 இல் ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனமான ரிக்பி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை (இத்தகைய பெயர்களில் வரும் எண் ஏறத்தாழ விட்டத்தை அங்குலத்தில் சுட்டும்) வெளியிட்ட பின்னரே, புகையில்லா மருந்தின் வேகத்தைத் தாங்கும் உறையிட்ட சன்னங்கள் பெருவிலங்கு வேட்டையில் நிலைபெற்றன.

இன்று கிடைப்பவை இரு வகை. முதலாவது, ஈய உள்ளீட்டின் மீது தடித்த உருக்கு உறை போர்த்தி, அதன் மேல் மெல்லிய செம்புப் பூச்சு கொடுத்தது. மற்றையது, முழுவதும் பித்தளையில் அல்லது செம்பில் கடைந்தெடுக்கப்பட்ட ஒற்றை உலோகச் சன்னம். தோட்டாவில் பொருத்தப்படாத ஒரு சன்னத்தைக் கையில் வாங்கி அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். உறையின் விளிம்புக்குள் சாம்பல் நிற ஈயம் தெரிந்தால் அது உறையிட்டது. பக்கவாட்டில் சிறு காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளே உருக்கு இருப்பதும் உறுதியாகும். அடிப்பாகமும் பக்கமும் ஒரே மஞ்சள் நிறமாக, கடைசல் இயந்திரத்தின் வட்டக் கோடுகளுடன் இருந்தால் அது பித்தளை. உறையிட்ட சன்னத்தில் உறை மெல்லியதாக இருந்தால், எலும்பில் மோதும்போது அடிப்பாகம் நசுங்கி ஈயம் பிதுங்கி வெளிவரக்கூடும். அப்படிச் சமநிலை இழந்த சன்னம் உடலுக்குள் புரளும். போர்ப்படைகளுக்கான முழு உறைச் சன்னத்தையும் இதையும் ஒன்றென எண்ணுவது அபாயமானது. அதன் உறை இந்தப் பணிக்காகச் செய்யப்பட்டதே அன்று.

முனையின் வடிவமே நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது. பழைய திடச் சன்னங்களின் முனை அரைக்கோளமாக உருண்டிருக்கும். அவை நல்ல ஆழத்துக்குச் செல்லும், ஆனால் வேகம் குறையும் கட்டத்தில் பக்கவாட்டில் சாய்ந்து திசைமாறும் இயல்புடையவை. முனையைத் தட்டையாக வெட்டிய சன்னம் ஈரமான தசையினுள் செல்லும்போது, திரவத்தைத் தன் விளிம்பிலிருந்து வெளிப்புறமாக எறிந்து, தன்னைச் சுற்றி ஒரு வெற்றிடத்தை உண்டாக்கிக்கொள்கிறது. சன்னத்தின் பக்கங்களைத் தசை தொடாததால் அதைச் சாய்க்கும் விசையும் குறைகிறது. அது நேராகச் செல்வதோடு, உருண்டை முனையை விடக் காயமும் பெரிதாகிறது. தட்டையான பரப்பின் விட்டம் சன்னத்தின் விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக இருப்பது நல்லது. கூர்முனைத் திடச் சன்னம் இந்த வேட்டைக்கு உதவாது.

அடுத்தது எடை. ஒரே விட்டத்தில் எடை கூடிய சன்னம் ஆழமாகச் செல்லும். இதைக் கணக்கிட, கிரெயினில் (சன்னத்தின் எடையை அளக்கும் அலகு; 7,000 கிரெயின் ஒரு இறாத்தல்) உள்ள எடையை 7,000 ஆல் வகுத்து, வரும் தொகையை அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் மறுபடி வகுக்கவேண்டும். விடை 0.300 க்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது வேட்டைக்காரரின் பழைய அளவுகோல். 1912 இல் வந்த .375 ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் தோட்டாவின் 300 கிரெயின் சன்னம் 0.305 ஐயும், .416 ரிக்பியின் 400 கிரெயின் 0.330 ஐயும், .458 வின்செஸ்டர் மேக்னத்தின் 500 கிரெயின் 0.341 ஐயும் தருகின்றன. பித்தளை ஈயத்தை விட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குப் பித்தளைச் சன்னம் நீளமாகி, தோட்டாவின் உள்ளே மருந்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே ஒற்றை உலோகச் சன்னத்தில் சற்றுக் குறைந்த எடையை எடுப்பதில் தவறில்லை. வடிவம் குலையாத சன்னம் அந்தக் குறைவை ஈடுசெய்துவிடும். வேகத்தைப் பொறுத்தவரை, வினாடிக்கு 2,100 முதல் 2,500 அடி வரை போதுமானது. அதற்கு மேல் கூட்டினால் பின்னுதைப்பு மட்டுமே நிச்சயமாகக் கூடும்.

சட்டத்தின் குறைந்தபட்ச அளவையும் மறக்கக்கூடாது. சிம்பாப்வேயில் யானை, எருமை, நீர்யானை ஆகியவற்றுக்கு 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5,300 ஜூல் ஆற்றலும் தேவை. .375 இன் 300 கிரெயின் சன்னம் வினாடிக்கு 2,500 அடி வேகத்தில் சுமார் 5,600 ஜூல் தருவதால், இதைத் தாண்டிவிடுகிறது.

பழைய இரட்டைக்குழல் ரைபிளைப் பயன்படுத்தக் கிடைத்தால், அதற்குத் தனிக் கவனம் வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் துவக்குகளின் குழல்கள் மெல்லியவை, உருக்கும் இன்றைய தரத்தினது அல்ல. வழவழப்பான பக்கங்களையுடைய கடினமான பித்தளைச் சன்னம் அத்தகைய குழலை உள்ளிருந்து நெருக்கும்போது, உட்புறத் திருகு வரிகளின் தடம் குழலின் வெளிப்புறத்திலேயே புடைத்துத் தெரியுமளவுக்குச் சேதம் ஏற்படலாம். பக்கங்களில் பள்ள வளையங்கள் வெட்டப்பட்ட சன்னங்கள் இந்த நெருக்கத்தைக் குறைக்கின்றன. எனினும், துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் குழலை அளந்து பார்த்து ஒப்புதல் சொல்லும்வரை ஒற்றை உலோகச் சன்னத்தை அதில் இடக்கூடாது. இரட்டைக்குழலின் இரு குழல்களும் ஒரே புள்ளியில் சுடும்படி, குறிப்பிட்ட ஒரு சன்ன எடைக்கும் வேகத்துக்கும் ஏற்பவே இணைக்கப்பட்டிருக்கும். தோட்டாவை மாற்றினால் இடக்குழலும் வலக்குழலும் வெவ்வேறு இடங்களில் சுடும். இலக்குத் தாளில் சுட்டுப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

எந்த விலங்குக்குத் திடச் சன்னம் என்பதிலும் பலருக்குக் குழப்பம் உண்டு. யானைக்கு எல்லாத் தோட்டாக்களும் திடமாகவே இருக்கவேண்டும். சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் அது வேண்டவே வேண்டாம். மெல்லிய உடலை ஊடறுத்துப் போய்விடும், விலங்கோ காயத்துடன் புதருக்குள் மறையும். கேப் எருமை எனப்படும் ஆப்பிரிக்க எருமை இரண்டுக்கும் இடைப்பட்டது. எருமைகள் கூட்டமாக நிற்கும்போது முதல் வேட்டில் திடச் சன்னம் விட்டால், அது ஒன்றைத் துளைத்து அப்பால் நிற்கும் மற்றொன்றையும் காயப்படுத்தும். காயம்பட்ட எருமையைத் தேடிப் புல்லுக்குள் போகிறவர் உங்கள் வழிகாட்டி என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். ஆதலால் முதல் தோட்டா உறுதியான விரியும் சன்னமாகவும், அதன்பின் வருபவை திடமாகவும் இருப்பதே நல்ல ஒழுங்கு. திரும்பி ஓடும் எருமையின் பின்பக்கத்திலிருந்து நெஞ்சு வரை செல்லக்கூடியது திடச் சன்னமே.

தட்டை முனைக்கு ஒரு குறை உண்டு: சில போல்ட் ரைபிள்களில் (கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை) அது தோட்டாக் கூட்டிலிருந்து ஏறும்போது, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் விளிம்பில் முட்டி நிற்கும். கூட்டை நிரப்பி, சுடுதளத்தில் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, வேகமாகவும் மெதுவாகவும் எல்லாத் தோட்டாக்களையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒன்று சிக்கினாலும் வேறு முனையைத் தேடவேண்டும். பின்னுதைப்பின் வலிமையால் கூட்டில் எஞ்சியுள்ள தோட்டாக்களின் சன்னம் உள்ளே அழுந்துவதும் உண்டு. தோட்டாவின் கழுத்துப்பகுதி சன்னத்தின் பள்ளத்தில் இறுகக் கவ்வியிருக்கிறதா என்று பார்த்து, சில வேட்டுகளுக்குப் பின் கூட்டின் அடியில் இருந்த தோட்டாவைப் புதியதொன்றின் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள்.

நுவரெலியாவின் குளிருக்குப் பழகியவர்கள் எண்ணிப் பார்க்காத ஒன்று வெப்பம். சிம்பாப்வேயின் வடக்கிலுள்ள சாம்பேசிப் பள்ளத்தாக்கில் ஒக்டோபரில் 40 பாகைக்கு மேல் போகும். வண்டியின் முன்கண்ணாடி அருகே கிடந்த தோட்டாவில் மருந்து வேகமாக எரிந்து அழுத்தம் கூடும், வெற்றுக்கூடு அறையில் ஒட்டிக்கொள்ளும். அக்காலத்து ஆங்கிலேயர் வெப்ப நாடுகளுக்கெனத் தோட்டாக்களில் மருந்தைக் குறைத்து நிரப்பியது இதனாலேயே. தோட்டாக்களை நிழலில் தோல் பையில் வையுங்கள்.

வாடகை ரைபிளுடன் செல்பவர் முன்கூட்டியே கேட்கவேண்டியவை சில: தரப்படும் திடச் சன்னத்தின் முனை தட்டையா உருண்டையா, எடை எவ்வளவு, அதே ரைபிளில் விரியும் சன்னமும் திடச் சன்னமும் ஒரே இடத்தில் படுகின்றனவா. கடைசிக் கேள்விக்கு வாய்ப்பதிலை ஏற்காமல், முகாமுக்குச் சென்ற அன்றே 50 மீட்டரில் தாள் கட்டி இரண்டையும் மாறி மாறிச் சுட்டுப் பார்க்கவேண்டும். இரு வகைச் சன்னங்களும் தாளில் இட்ட துளைக் கூட்டங்களுக்கு இடையே உள்ளங்கை அகலத்துக்கு மேல் விலகல் இருந்தால், அந்தச் சோடியை ஏற்காமல் வேறு தோட்டா கேளுங்கள்.