எடையை எப்போது கூட்டுவது?

தசை வளரணும்னா எடையையும் எண்ணிக்கையையும் எழுத ஜிம்முக்கு ஒரு சின்ன நோட்டு கட்டாயம் கொண்டுபோங்க. ஸ்குவாட் (எடையோட உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்து எடையை மேலே தள்ளுவது), ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது) எதுவானாலும் ஒரு செட்டுக்கு, அதாவது நிறுத்தாம செய்யற ஒரு சுற்றுக்கு, 8 முதல் 12 முறைன்னு ஓர் எல்லை வைங்க. 8 முறை ஒழுங்கா தூக்க முடியற எடையில தொடங்கி, 3 செட்டிலும் 12 தொடும்வரை அதே எடைதான். தொட்ட பிறகு 2.5 கிலோ கூட்டுங்க. எண்ணிக்கை மறுபடி 8, 9க்கு இறங்கும்; அது பின்னடைவே இல்லை, அங்கிருந்து திரும்ப ஏறுங்க. உடம்பை ஆட்டி, முதுகை வளைச்சுத் தூக்கினதை மட்டும் நோட்டில் எழுதாதீங்க. ஒரே தசைக்கு வாரம் இரண்டு முறை போதும், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு வேணும். தோள், கைப் பயிற்சிகளுக்கு 1 கிலோ கூட்டுவதே பெரிய விஷயம்.